கடைசிப் பதினாறு பக்கம்

"எனக்கும் ஒரு சீட்டு குடுங்க மாமா. அப்படியே ஒரு கிளாஸும் வைங்க."

கழுகுமலையில் பஸ் ஏறியதிலிருந்து கோவில்பட்டியில் இறங்குகிறவரை அம்மா இஞ்ஞாசியம்மாள் ஓதிக்கொண்டே வந்தது, இதை மட்டும் கேட்டுவிடாதே என்பதைத்தான். "ஏட்டி ஸ்டெல்லா, அங்கன ஆம்பளைய உக்காந்து கதை பேசுவாவ, திராட்சரசம் குடிப்பாவ. எனக்கும் ஊத்துன்னு நின்னுராத. சமையலுக்குக் கூடமாட ஒத்தாசைன்னு கூப்பிட்டாலும் பொண்ணு பாக்கத்தான் கூப்பிட்டிருக்காவ. பி.ஏ. படிச்ச வாயைக் கொஞ்சம் பூட்டி வையி." ஸ்டெல்லாமேரி ஜன்னல் வழியாகக் கரிசக்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இப்போது அடுக்களை வாசல்படியில் கரண்டியும் கையுமாக நின்று கேட்டேவிட்டாள். உள்ளே அம்மா "மாதாவே" என்றது கூடம்வரை கேட்டது.

வீட்டுக்காரர் சூசைமாணிக்கம் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் அவர் வீட்டில் துப்பறியும் நாவல் கூட்டம் கூடும். உரக்கடை கோபாலசாமி வருவார், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் கருத்தையா வருவார். ஒரே பிரதி மாதம் முழுக்க மூன்று வீட்டுக்கும் சுற்றும், கடைசிப் பதினாறு பக்கம் மட்டும் இருக்காது. அந்தப் பக்கங்களைச் சூசைமாணிக்கத்தின் மகன் மிக்கேல்ராஜ் புத்தகம் வந்த அன்றைக்கே பிளேடால் அறுத்தெடுத்துக் கவரில் போட்டு ஒட்டிவிடுவான்.

சாப்பாட்டுக்கும் சட்டம் உண்டு. கதையில் செத்தவன் கடைசியாக எதைத் தின்றானோ, அதுதான் அன்றைக்குச் சமையல். ரயிலில் கொலை என்றால் புளியோதரைப் பொட்டலம். லாட்ஜில் கொலை என்றால் புரோட்டாவும் சால்னாவும். திராட்சைரசம் வீட்டம்மா மிக்கேலம்மாள் பெரிய ஜாடியில் நாற்பது நாள் கிண்டிக் கிண்டி ஊறவைத்தது. காதலுக்காகக் கொலை என்றால் இந்த வருசத்து இனிப்பு ரசம், சொத்துக்காகக் கொலை என்றால் போன வருசத்துப் புளிப்பு. தின்றுகொண்டே வாதாடுவார்கள். கொலைகாரன் பெயரைச் சீட்டில் எழுதி, மடித்துக் கிளாசுக்கு அடியில் வைப்பார்கள். கவரைப் பிரித்து வாசித்ததும், எவர் சீட்டு சரியோ அவர் முதலில் குடிக்கவேண்டும். அவர் கிளாசைக் கீழே வைக்கிறவரை மற்றவர் தொடக்கூடாது.

பன்னிரண்டு வருசமாக நடக்கிற கூட்டம். அந்த ஜாடியைக் கிண்டிய மிக்கேலம்மாளுக்கு இதுவரை ஒரு சீட்டு கிடைத்ததில்லை.

கோபாலசாமிதான் முதலில் சிரித்தார். "குடுங்க அண்ணாச்சி. மருமவ வாரதுக்கு முன்னாலயே மாமனாருக்குப் போட்டியா வந்துட்டா."

"புஸ்தகம் படிச்சிருக்கியாம்மா?" என்றார் கருத்தையா.

"படிச்சிட்டேன். உங்ககிட்ட இருந்து வந்ததுக்கு அப்பறம் என் கைக்குத்தான் வந்துச்சு."

எல்லோரும் மிக்கேல்ராஜைப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் லெண்டிங் லைப்ரரி வைத்திருந்தான். காலேஜுக்குப் போன மூன்று வருசமும் ஸ்டெல்லா அங்கே புத்தகம் எடுத்தவள். திருப்பித் தரும்போது, "பாதியிலேயே கண்டுபிடிச்சிட்டேன், டாக்டர்தானே?" என்பாள். சரியாக இருந்தால் அவன் பேசமாட்டான், மேஜையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவான். அந்தத் தட்டில்தான் அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது.

பிடித்துப்போனதுதான் இப்போது கழுத்தை நெரித்தது. கைப்பைக்குள் சர்வீஸ் கமிஷன் உத்தரவு மடித்துக் கிடந்தது. சிவகங்கையில் ஜூனியர் அசிஸ்டென்ட் வேலை, செவ்வாய்க்கிழமைக்குள் சேரவேண்டும். வேலைக்குப் போகிற மருமகள் வேண்டாம் என்று சூசைமாணிக்கம் சொல்லியனுப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லவேண்டும். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி அடுக்கி அம்மாவின் விரல் தேய்ந்து வந்த பட்டம் அது, அதைப் பரணில் போடவும் மனசில்லை. அவனை விடவும் மனசில்லை. போன வாரம், "எங்க வீட்டுல நீ எதுவேணாலும் பேசலாம் ஸ்டெல்லா, அப்பாவை நான் பாத்துக்கிடுதேன்" என்றிருந்தான். பத்து நாளாக அவள் கண்மூடவில்லை.

"சரி, சீட்டு தாறேன்" என்றார் சூசைமாணிக்கம். "கிளாஸ் எதுக்கு? ஜெயிச்சா பாப்பம்."

"ஜெயிச்சப்பறம் போய்க் கழுவி எடுத்துட்டு வரணுமா மாமா? இப்பவே வைங்க. வெறுங்கிளாஸ்தான."

கோபாலசாமி தொடையில் தட்டிச் சிரித்தார். மிக்கேல்ராஜ் எழுந்துபோய் ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தான். ஸ்டெல்லாவுக்கு நெஞ்சுக்குள் ஒரு சொட்டுத் தேன் விழுந்தது மாதிரி இருந்தது. ஆள் தேறிவிடுவான் போல.

கதை இதுதான். கயத்தாறுப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் மத்தியானம் மூன்று மணிக்குக் கேப்பைக்களியும் கறிக்குழம்பும் தின்று, கை கழுவுவதற்குள் செத்துப்போகிறார். களியில் விஷம். சமையல்காரி பேச்சி பன்னிரண்டு மணி பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டாள், கண்டக்டர் சாட்சி. மருமகள் பிள்ளை பெற்று எட்டு நாள், படுத்த படுக்கை. அதுபோக வீட்டில் இருந்தது பண்ணையாரின் தம்பி, பட்டாளத்திலிருந்து வந்தவன். தோட்டத்தில் கயிற்றுக்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்கிறான்.

"பேச்சிதான்" என்றார் சூசைமாணிக்கம். "போறதுக்கு முன்னால களியில கலந்து வச்சிட்டுப் போயிருக்கா. இதுல என்ன ரோசனை?"

"மருமவ எந்திரிச்சு வந்திருக்கலாம்லா அண்ணாச்சி? படுக்கைங்கிறது நடிப்பா இருந்தா?" என்றார் கருத்தையா.

"பிள்ளை பெத்து எட்டு நாள் ஆனவளா? உமக்கு இன்ஸ்டிடியூட்ல சாவி தட்டித் தட்டி மூளை மழுங்கிப் போச்சு வே" என்றார் சூசைமாணிக்கம்.

இப்படியே ஒரு மணி நேரம். நாலு சீட்டும் மடித்துக் கிளாசுக்கு அடியில் போயின. மூன்று ஆம்பளையில் ஒருத்தருக்கும் தம்பி ஞாபகமே வரவில்லை. கொலை நடந்தது அடுக்களையில், அங்கே ஆம்பளைக்கு என்ன சோலி என்பது அவர்கள் நினைப்பு. தட்டுகளில் குழம்பு ஆடை கட்டியது. ஸ்டெல்லா கிண்டிய களி வட்டமாக அப்படியே கிடந்தது.

"மாமா, பேச்சு போதும். உங்க தட்டுல இருக்க களியைக் கொஞ்சம் பிட்டுப் பாருங்க" என்றாள்.

சூசைமாணிக்கம் பிட்டார். வரவில்லை. அழுத்தினார். பழைய டயர் மாதிரி விரலை எதிர்த்தது.

"ஒரு மணி நேரத்துல இந்தக் கதி. பேச்சி கிண்டுனது பன்னெண்டு மணிக்கு முந்தி. மூணு மணிக்குப் பண்ணையார் விரலை வச்சதும் ஆவி பறந்துச்சு, வெண்ணெய் மாதிரி வழுக்குச்சுன்னு ஏழாம் அத்தியாயத்துல போட்டிருக்கு. அப்ப அவர் தின்னது பேச்சி கிண்டுன களி இல்ல. ரெண்டரை மணிக்கு மேல வேற ஒருத்தர் புதுசாக் கிண்டியிருக்காவ."

"ஆர் கிண்டுவா? படுக்கையில கிடக்கவளை விட்டா வேற பொம்பளையே இல்லையே வீட்டுல" என்றார் கருத்தையா.

"களி கிண்டப் பொம்பளைதான் வேணுமா? தம்பி பட்டாளத்துல துப்பாக்கியா தூக்குனாரு? இருநூறு பேருக்குச் சமைச்ச கைன்னு ரெண்டாம் அத்தியாயத்துலயே இருக்கு. ஆம்பளை அடுப்படிக்குப் போவானான்னு நீங்க அந்த வரியைத் தாண்டிப் போயிட்டீங்க."

கோபாலசாமி தன் தட்டுக் களியை ஒருமுறை குத்திப் பார்த்தார். பிறகு தன் சீட்டை எடுத்துக் கிழித்துப் போட்டார். "அண்ணாச்சி, கவரைப் பிரிங்க."

சூசைமாணிக்கம் கவரைப் பிரித்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மனசுக்குள் வாசித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். ஆறாவது பக்கத்தில் அவர் காதோரம் கறுத்ததை ஸ்டெல்லா பார்த்தாள். பக்கங்களைப் பட்டென்று மடித்துச் சட்டைப்பைக்குள் சொருகினார்.

"பேச்சிதான். கண்டக்டர் அவ சொந்தக்காரனாம், பொய்ச் சாட்சி. அவ பஸ் ஏறவே இல்ல, வீட்டுக்கே திரும்பி வந்து கிண்டியிருக்கா. நான் சொன்னதுதான்." கிளாசை எடுத்தார்.

ஸ்டெல்லா மிக்கேல்ராஜ் பக்கம் திரும்பினாள்.

"ராஜ், அறுத்து ஒட்டுனது நீங்கதான. நீங்க படிச்சிருப்பீங்க. அப்படித்தான் முடியுதா?"

அவன் முன்னால் ஸ்டூல் கிடந்தது. விரல் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவன் இரண்டு கையையும் எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டான்.

"அப்பா வாசிச்சா சரியாத்தான் இருக்கும்" என்றான், தரையைப் பார்த்து.

சூசைமாணிக்கம் குடித்தார்.

ஸ்டெல்லா களி கிடந்த தட்டுகளை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பின்னாலேயே அவன் வந்தான். தொட்டியடியில் நின்று, குரலைத் தணித்துச் சொன்னான்:

"நீ சொன்னதுதான் சரி. தம்பிதான். களியை வச்சேதான் துப்பறியிறவர் பிடிக்காரு."

"அங்கன ஏன் சொல்லல?"

"நாலு பேரு முன்னால அப்பா தோத்துப்போக முடியுமா? வயசானவிய. நீ ஒரு நாளைக்கு விட்டுக் குடேன். கல்யாணம் ஆவட்டும், ஒவ்வொரு ரெண்டாம் ஞாயித்துக்கிழமையும் உன் பங்கு கிளாசை நானே அடுக்களைக்குக் கொண்டாந்து தாறேன். ஆருக்கும் தெரியாது."

அவன் முகத்தில் அப்படி ஒரு அன்பு. உண்மையான அன்புதான், அதில் கலப்படமில்லை. ஆயுசுக்கும் ஒளித்துக் கொண்டுவந்து ஊட்டுவான், கூடத்தில் கையை மடிக்குள் வைத்துக்கொள்வான்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். காலையிலிருந்து அதற்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்ததோ சிரிப்பு. பத்து நாளாகத் தலையில் சுமந்த விறகுக்கட்டை யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி கழுத்து லேசாகிவிட்டது. வேலையா அவனா என்ற கேள்வியே போய்விட்டது.

"என்ன சிரிக்குத?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்ல ராஜ். நல்லா முடிஞ்சிருக்கு கதை."

அடுக்களைக்குள் மிக்கேலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தொட்டிக்கும் அடுக்களை ஜன்னலுக்கும் நாலு எட்டுத்தான். நேரே கூடத்துக்குப் போனாள். ஸ்டெல்லாவின் வெறுங்கிளாசை எடுத்து, போன வருசத்து ஜாடியைச் சரித்து, விளிம்புவரை ஊற்றினாள். பின்னாலேயே வந்த ஸ்டெல்லாவிடம், புருசன் பார்க்கப் பார்க்க நீட்டினாள்.

"இந்தா. ஜெயிச்சவ குடிக்கணும். சட்டம் நான் போட்டது இல்ல, இவிய போட்டது."

"மிக்கேலம்மா!" என்றார் சூசைமாணிக்கம்.

"சட்டைப்பையில இருக்கத வாசிச்சுக் காட்டுங்களேன், நானும் கேக்குதேன்" என்றாள் அவள்.

அவர் கை தன்னாலே சட்டைப்பையைப் பொத்தியது. கோபாலசாமி அதைப் பார்த்துவிட்டு, குடிக்காமலே தன் கிளாசை மேஜையில் தள்ளி வைத்தார்.

ஸ்டெல்லா நின்றபடியே குடித்தாள். இத்தனை பாடு பட்டுக் கேட்டது, காடியாகப் புளித்துத் தொண்டையைப் பிடித்தது. "அத்தை, சீனி போதல" என்றாள். மிக்கேலம்மாள் வாயைச் சேலையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"ஏட்டி, பதில் சொல்லணும்லா?" அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். குரலில் அழுகைதான் பாதி.

"சொல்லியாச்சும்மா. குடிச்சேன்லா, அதுதான் பதில். சாக்குப்பையை எடு. வீட்டுக்குப் போயி டிரங்குப்பெட்டி அடுக்கணும். நாளைக்குச் சிவகங்கைக்கு நீயும் கூட வா, தங்கறதுக்கு இடம் பாக்கணும்."

இஞ்ஞாசியம்மாள் கூடத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு, "அந்த ஊருல தண்ணி எப்படின்னு தெரியலையே" என்று முணுமுணுத்துக்கொண்டே பையை இடுக்கிக்கொண்டாள்.

மிக்கேல்ராஜ் வாசல்வரை வந்தான். "ஸ்டெல்லா, லைப்ரரி புஸ்தகம் ஒண்ணு உன்கிட்ட…"

"தபால்ல அனுப்புதேன். கடைசிப் பக்கம்வரைக்கும் இருக்கும், எண்ணிப் பாத்துக்கிடுங்க."

செருப்பை மாட்டினாள். வெயில் தெருவை வெளுத்துப்போட்டிருந்தது. கழுகுமலை பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிசம் இருந்தது. அவள் அம்மாவுக்கு முன்னால் நடந்தாள்.