சீரியஸா கீது

அப்பாவின் தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள் சௌமியா. வாசலில் பெரியப்பா பஞ்சாட்சரம் அவள் தம்பி வசந்திடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“உங்கப்பனுக்குக் கொஞ்சம் சீரியஸா கீதுடா. ஒடனே கெளம்பி வா. வந்து மூஞ்சியப் பாத்துடு.”

அந்தக் குடும்பத்தில் சாவை யாரும் போனில் சொல்வதில்லை. கேட்கிறவன் வழியில் எங்கேயாவது மயங்கி விழுந்துவைப்பான் என்று ‘சீரியஸ்’ என்பார்கள். பெங்களூரிலிருந்து வருகிறவனுக்கு அது புரிந்துவிடும். வாணியம்பாடி தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே பாதி அழுகையை அழுதுவிட்டு ஆம்பூரில் இறங்குவான். ஆனால் வசந்த் அந்தமானில் ஒரு சின்னத் தீவில் இருந்தான். ஷூ கம்பெனி தன் சூப்பர்வைசர்களை டூர் அனுப்பியிருந்தது. போன மறுநாளே புயல் கிளம்பி, கப்பல்களை நிறுத்திவிட்டார்கள்.

போதாததற்கு, வசந்த் சொன்னதைச் சொன்னபடி நம்புகிறவன். பூனைக்கு நாலு குட்டி, அதில் ஒன்று நாய்க்குட்டி என்றால் ஓடிப்போய்ப் பார்ப்பான். அதைச் சொல்லி அவனை அதிகம் கேலி செய்தவளே சௌமியாதான்.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று அவள் கேட்டாள். கப்பல்தான் இல்லையாமே, அவன் அங்கே தனியாகக் கிடந்து அழ வேண்டுமா என்றார் பெரியப்பா. அதுவும் நியாயமாகவே பட்டது.

ஃப்ரீசர் பெட்டி வந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்து நெஞ்சு கெட்டுப்போன அப்பா ஆதிகேசவனை அதற்குள் படுக்க வைத்தார்கள். அவர் இருமல் இல்லாமல் படுத்திருந்தார். வெளியே ஷாமியானாவின் ஓரம்கூட அசையவில்லை. காற்றே இல்லாத வெயில்.

மத்தியானம் போன் வந்தது. வசந்தோடு டூர் போயிருந்த மக்பூல் அகமது. பின்னால் காற்று ஊளையிட்டது.

“அக்கா, அப்பா இப்ப எப்டி கீறாரு?”

அவள் போனோடு கொல்லைப்பக்கம் நகர்ந்தாள்.

“வசந்த் காலைலயே ஒரு மீன் படகுல ஏறிப் போய்ட்டான்க்கா. போர்ட் பிளேர் போய் ஃப்ளைட் புடிக்கிறேன்னான். வேணாம்னு சட்டையப் புடிச்சு இழுத்தேன். அப்பாவ உசுரோட ஒரு தபா பாத்துடணும்னு கைய உதறிட்டான். காத்து ஜாஸ்தியாய்டுச்சி. படகு இன்னும் அங்க போய்ச் சேரலன்றாங்க.”

லைன் அறுந்தது. சௌமியா தம்பியின் நம்பரை அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல். திரும்பத் திரும்ப அடித்தாள். பிறகு மெசேஜ் அனுப்பினாள்: ‘அப்பா காலைலயே போய்ட்டாரு. அவசரப்படாத. எங்க கீறியோ அங்கயே இரு.’ ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

பெரியப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“நல்லதுக்குத்தான சொன்னேன்” என்றார்.

எடுக்கிற நேரத்தைக் கேட்டு வந்த பங்காளிகளை, அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டி அனுப்பினார்.

உள்ளே பெட்டியின் தலைமாட்டில் அம்மா ஜெயம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“யாருடி போன்ல? வசந்தா?”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் சௌமியா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வாசற்படியில் பெரியப்பா வந்து நின்றார். அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“ஆமாம்மா. நல்லாத்தான் கீறான். வந்துட்டே கீறான். கொஞ்சம் லேட்டாவுமாம்.”

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். மேல் கண்ணாடியில் பனி படர்ந்து அப்பாவின் முகம் மங்கியிருந்தது.

“வந்ததும் அவனுக்கு மூஞ்சி நல்லாத் தெரியணும்” என்று முந்தானையால் துடைத்தாள். அது மறுபடியும் மங்கியது. அவள் மறுபடியும் துடைத்தாள்.