அக்காவிடம் கடன்பட்ட வங்கி

1

இது எனக்குத் தோன்றிய கதை அல்ல. ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடாமல் தப்பிக்க உட்கார்ந்து எழுதுவது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம். படிவம் மேசையின் இடது பக்கம் இருக்கிறது. பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்திருக்கிறேன். (மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் வைத்திருக்கிறேன்.)

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கடன் என்பது மனித நாகரிகத்தின் —" அடித்துவிட்டேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். நாகரிகத்தில் தொடங்கும் வாக்கியம் எங்கே போய் முட்டும் என்று எனக்குத் தெரியும்.

"அவள் ஒரு தையல்காரி. அவள் கண்களில் —" இதையும் அடித்தேன். அக்காவின் கண்களில் மூக்குக்கண்ணாடியைத் தவிர எதுவும் இல்லை.

மூன்றாவது: "என் அக்கா ஐம்பத்தொரு வயது வரை யாரிடமும் ஒரு காசு கடன் வாங்கியதில்லை. அதனால் அவளை வங்கி நம்பவில்லை." இது இருக்கட்டும்.

2

அக்கா புதிதாகத் தைப்பதில்லை, திருத்தித் தைக்கிறவள். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, உடம்பு போட்டவர்களுக்குச் சட்டையை அகலப்படுத்துவது, ஜிப் மாற்றுவது. பதினெட்டு வருடமாக ஒரே அறையில். இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி, உடை மாற்ற ஒரு திரை. அவ்வளவுதான் இடம், மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும்.

கட்டடத்துக்காரர் அறையை விற்கப்போகிறார். "ஒன்பது மாசம் டைம் தரேன், நீயே வாங்கிக்கோ. இல்லேன்னா பக்கத்து மருந்துக்கடைக்குக் குடுத்துருவேன்" என்றார். பாதிப் பணம் அக்காவிடம் இருந்தது. மீதிக்கு வங்கிக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"உங்களுக்குக் கடன் வரலாறே இல்லையே மேடம்" என்றாள் கடன் பிரிவு அதிகாரி.

"கடனே வாங்கலம்மா. அதான் இல்ல."

"அதான் பிரச்சினை."

"கடன் இருந்தாப் பிரச்சினையா, இல்லாட்டிப் பிரச்சினையா?"

"இருந்து, ஒழுங்காக் கட்டியிருந்தா நல்லது. இல்லவே இல்லேன்னா நீங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாதே."

வங்கிக்கு நேர் எதிரில்தான் அக்காவின் கடை. அந்த அதிகாரி போட்டிருந்த கோட்டின் கையை அளவுக்கு மடித்துத் தைத்ததே அக்காதான். (கதைக்காகச் சேர்த்தது என்று நினைப்பீர்கள். இல்லை. வெளியே வந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "தையல் பிரியாம நிக்குது, பாத்தியா" என்பதுதான்.)

அதிகாரி நல்ல பெண். ஒரு வழி சொன்னாள். ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள், மாதாமாதம் கொஞ்சம் செலவு செய்யுங்கள், பில் வந்ததும் கட்டுங்கள், ஏழு மாதத்தில் உங்களுக்கும் ஒழுங்காகக் கட்டுகிறவர் என்று ஒரு ஸ்கோர் வந்துவிடும். கடன் வாங்கத் தகுதி பெற முதலில் கடன் வாங்க வேண்டும். இதை எழுதும்போது என் கை கூசவில்லை, பழகிவிட்டது.

3

வெட்டு மேசையில் மூன்று துண்டுப் பிரசுரங்கள். அக்கா கத்தரிக்கோலைத் தூக்கி ஓரமாக வைத்தாள். நான்தான் நிபுணன், என்னிடம் மூன்று கார்டு இருக்கிறது.

"இது விமான நிலையத்துல ஓய்வறை இலவசம்" என்றேன்.

"நான் எங்கடா பறக்கப்போறேன்?"

"இது பெட்ரோலுக்குத் தள்ளுபடி."

அக்கா தையல் மெஷினின் மிதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மூன்றாவதை எடுத்தேன். "இது புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு. நீ இருபதாயிரத்த வங்கியில வைப்புத்தொகையாப் போடணும். அத ஈடா வச்சு ஒரு கார்டு தருவாங்க."

"என் பணத்த அவங்ககிட்டக் குடுத்து, அதையே கடனா வாங்கி, திருப்பியும் குடுக்கணும்."

"ஆமா."

"அப்ப நான் யோக்கியம்னு எழுதித் தருவாங்க."

"ஆமாக்கா."

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் விரலால் தடவித் தடவிப் படித்தாள். கடைசியில் அதையே எடுத்துக்கொண்டாள். "இதுலயாவது காசு என்னோடது. தூக்கம் வரும்" என்றாள்.

(நீங்கள் இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் அக்கா செய்தது சரி. அடுத்து அவள் செய்ததைச் செய்யாதீர்கள்.)

4

அக்காவின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துணியையும் சரியாக வெட்ட மாட்டாள். மடிப்புக்குள் ஒரு விரல் அகலம் விட்டுத் தைப்பாள். "நாளைக்கு உடம்பு போட்டாப் பிரிச்சு விடலாம்ல" என்பாள்.

கார்டிலும் அப்படித்தான் தைத்தாள். நூலும் ஜிப்பும் ஆயிரத்து நானூற்று அறுபதுக்கு வாங்கினால், பில் வரும்வரை பொறுக்கவில்லை; அன்றைக்கே எதிர்ப்புறம் போய் ஆயிரத்து ஐந்நூறு கட்டினாள். உள்ளே கொஞ்சம் விட்டு வைத்தாளாம். ஏழு மாதமும் இப்படியே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நிபுணனுக்கு வேறு வேலை இருந்தது.

எட்டாவது மாதம் அதிகாரி கணினியையே வெகுநேரம் பார்த்தாள். "மேடம், எல்லா பில்லுலயும் பாக்கி பூஜ்யத்துக்குக் கீழதான் இருக்கு. நீங்க கடனே படல. மதிப்பிடப் போதிய பதிவு இல்லைன்னு வருது."

"கீழன்னா?"

"வங்கிதான் உங்களுக்கு இருநூத்தி எம்பது தரணும்."

"ஏழு மாசமாவா?"

"ஆமா."

"உங்க வரலாற யாரும்மா பாக்கறாங்க?"

அதிகாரி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றாள். நல்ல ஸ்கோர் உள்ள ஒருவர் கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். "வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"தம்பி இருக்கான்" என்றாள் அக்கா.

5

இந்தக் கதையில் தம்பி பாத்திரம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே இடிக்கிறது.

அவனுக்குத் தொள்ளாயிரத்துக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று ஸ்கோர். அதிகாரி அக்காவுக்கு எதிரிலேயே "அருமை சார்" என்றாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தவணை தவறியதில்லை. எப்படித் தவறும்? கெடு நெருங்கி, கையில் பணம் இல்லாத ஒவ்வொரு முறையும் அவன் வங்கிக்கு எதிர்ப்புறம் அந்தத் தையல் அறைக்குத்தான் போனான். அக்கா மெஷினுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைத் திறப்பாள். "எவ்வளவுடா?" என்பாள். எதற்கு என்று கேட்டதில்லை. அவன் வங்கிக்கு ஒழுங்காகக் கட்டினான். அக்காவுக்கு —

இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். நீங்களே முடித்துக்கொள்வீர்கள்.

அக்காவுக்கு வரலாறு இல்லை என்பது பொய். இருக்கிறது. என் பேரில் இருக்கிறது.

பிறகு கையெழுத்துப் போட என்ன தயக்கம் என்கிறீர்களா? மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். டம்ளருக்குக் கீழே இருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் எனக்குக் கிடைக்கவிருக்கும் வீட்டுக் கடனில் அக்காவின் கடனைக் கழித்துக்கொள்வார்கள். வீடு கை நழுவிப் போகும். வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டே கணக்குப் போடவும் முடிகிறது.

6

முடிவுகள்.

(அ) தம்பி கையெழுத்துப் போடுகிறான். இதுவரை படித்த உங்களுக்கு நம்பிக்கை வராது.

(ஆ) போடவில்லை, அதைப் பற்றி உருக்கமாக ஒரு கதை எழுதுகிறான். அதற்குப் பரிசு கிடைக்கிறது. அக்காவின் ஆளுயரக் கண்ணாடி இருந்த இடத்தில் இருமல் மருந்து அடுக்கியிருக்கிறார்கள்.

(இ) முடிக்காமல் வாசகரிடம் விடுவது. இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அக்கா துணி விடுவதுபோல நானும் மடிப்புக்குள் கொஞ்சம் விட்டிருக்கிறேன், உங்கள் அளவுக்குப் பிரித்துவிட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரிகூட எழுதி வைத்திருந்தேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள். டம்ளரை எடுத்தாள். படிவத்தில் ஈரம் வட்டமாகப் பதிந்திருந்தது. முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பிறகு இந்தத் தாள்களை எடுத்து நின்றபடியே படித்தாள். இழுப்பறை வரும் இடத்தில் கொஞ்சம் மெதுவானாள்.

"முடிவு என்னடா?"

"வாசகர்கிட்ட விட்டுட்டேன்க்கா. நீ துணி விடறயே, அந்த மாதிரி."

"நான் விடறது அவங்க திரும்பி வந்தாப் பிரிச்சு விடறதுக்கு" என்றாள். "தைக்காம யாரையும் அனுப்பினதில்ல."

தாள்களை அடுக்கி வைத்தாள். கையெழுத்துப் போடு என்று சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாலு மணிக்கு மூடிருவாங்க" என்றாள். போய்விட்டாள்.

இப்போது மணி மூன்று இருபது. வங்கிக்கு நடந்து போக இருபது நிமிடம். உங்கள் அளவுக்குப் பிரித்துவிட்டுக்கொள்ளுங்கள் என்ற அந்த வரியை அடித்துவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது நான்கு மணி எப்போதோ தாண்டியிருக்கும். நான் செய்ததோ செய்யாததோ ஏதோ ஒரு பதிவில் ஏறியிருக்கும். உங்களிடம் முடிவை விடவில்லை. இதுவரை சொன்னதை வைத்து எனக்கு ஒரு ஸ்கோர் போடுங்கள். அக்காவின் பணத்தைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.