கூவை மாவுக்கு ஒரு நாக்கு

1.
இந்தக் கதை ஒரு மாவு டப்பாவின் பின்பக்கத்திலிருந்து வந்தது. வயிற்றுக்கு இதம், சருமத்துக்கு மென்மை என்று ஒரே கூவை மாவுக்கு இரண்டு வேலை போட்டிருந்தார்கள். இரண்டு வேலை பார்க்கிறவர்களைக் கண்டாலே எனக்கு அலுப்பு தட்டும். மாவானாலும் அப்படித்தான்.

2.
"கூவைக் கிழங்கு நிலவைப் போல வெளுத்து…"

(வேண்டாம். கிழங்கு கிழங்கைப் போலத்தான் இருக்கும்.)

மறுபடியும்: கிழங்கை அரைத்து, தண்ணீரில் கரைத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவைக் காயவைக்கும் ஆலை. பாதி மாவு குழந்தைகளின் கஞ்சிக்கு, பாதி முகப் பவுடருக்கு. கஞ்சிப் பக்கம் அண்ணி. தொட்டிக்கு ஒரு சிட்டிகை வாயில் போடுவாள். சப்பென்றிருந்தால் மூட்டை கட்டலாம். புளித்தால் கொட்டிவிட வேண்டும். அந்த நாக்குக்குத்தான் சம்பளம். பவுடர் பக்கம் அவள் நாத்தனார், கன்னத்தில் தேய்த்து நைசு பார்ப்பவள்.

3.
காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அண்ணிக்கு ருசியும் வாசனையும் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மாவுக்கு ருசியே கிடையாது. ஆகவே எல்லா மாவும் அவளுக்கு நல்ல மாவாயிற்று.

(இவளைத் தைரியசாலியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பயந்தவளாகவே விட்டுவிட்டேன்.)

மாவைக் கன்னத்தருகே கொண்டுபோன நாத்தனார் மூக்கைச் சுளித்தாள்.

"அண்ணி, இது புளிச்சுப்போச்சு. பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேனே."

"எதால? கண்ணாலயா?"

அண்ணி தலை குனிந்தாள். "காய்ச்சலுக்கப்புறம் நாக்கு செத்துப்போச்சுடி."

"அதான் என் சமையலைக் குறை சொல்லாம சாப்பிட்டீங்களா! எனக்குக் கைப்பக்குவம் வந்துடுச்சுன்னுல்ல நினைச்சேன். அண்ணனுக்குத் தெரியுமா?"

"உங்க அண்ணன்கிட்ட சொல்றதும் ஒண்ணு, தெருவுல மைக் வெச்சுச் சொல்றதும் ஒண்ணு."

இருவரும் சிரித்தார்கள். நாத்தனார்தான் முதலில் நிறுத்தினாள்.

"இந்தத் தொட்டி மாவுதானே இப்ப லாரில ஏறுது?"

4.
முடிவு ஒன்று: மூட்டைகளைப் பவுடர் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். வாசனைத் திரவியம் புளிப்பை மூடிவிடும்.

(எழுதினேன். யாரோ ஒருத்தியின் கன்னம் அரிக்கத் தொடங்கியது. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அண்ணி ஆலை மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்கிறாள். அவர் பெருந்தன்மையோடு…

(அப்படி ஒரு மேஸ்திரியை நான் பார்த்ததில்லை.)

5.
ஆகவே அவளை மேஸ்திரியின் முன் நிறுத்தியதோடு என் வேலை முடிந்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் எவர் வீட்டுக் குழந்தைக்கோ வயிறு கெடும்.

"என்னம்மா, சொல்லு. எனக்கு வேலை இருக்கு," என்கிறார்.

அவள் வாயைத் திறந்துவிட்டாள். வார்த்தை என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் கொடுங்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.