ஒரே டிரேயில் இரண்டு கேபிள்கள்

"மோட்டார் நின்னா மீட்டர் சாதுவா நிக்குது. ஓடினா பேயாட்டம் ஆடுது. எந்தப் புண்ணியவான்யா ரெண்டு கேபிளையும் ஒரே டிரேயில போட்டது?"

"நான்தான் சார்," என்றார் எலக்ட்ரீஷியன்.

இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் கருவியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் மின் இரைச்சலைக் கக்கும், மீட்டரின் மெல்லிய சிக்னல் கேபிளை ஒரே தட்டில் அதன் பக்கத்தில் படுக்கவைக்கக் கூடாது என்பதெல்லாம் எலக்ட்ரீஷியனுக்குத் தலைகீழாகத் தெரிந்த பாடம். இரண்டு நாள் முன்னதாக வீடு போய்ச் சேரலாமே என்ற நப்பாசையில்தான் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். இனி அத்தனையையும் உருவி வேறு வழியில் இழுக்க ஒரு வாரமாகும்.

ஆளில்லாத பம்ப் ரூமில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். மகள்தான் எடுத்தாள்.

"அப்பா, நாளைக்கு வர்றீங்கல்ல? பல்லு ஆடுது. அம்மாவைத் தொடவே விடலை. நீங்க வந்துதான் பிடுங்கணும்."

"வேலை இழுத்துடுச்சுடா தங்கம். இன்னும் ஒரு வாரம் ஆகும்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்போ பல்லுகிட்ட போனை வைக்கிறேன்," என்றாள் மெதுவாக. "அதுவரைக்கும் விழாம இருக்கச் சொல்லுங்கப்பா."