பூவிலேயே புகுந்தது

செம்பாக்கத்தில் ஸ்ட்ராபெர்ரி விளைவிக்கப் போகிறேன் என்று என் மனைவி சுப்ரஜா சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மே மாதத்தில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொள்கிற ஊர் இது. ஸ்ட்ராபெர்ரியோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தின்கிற பழம். அவள் சிரிக்கவில்லை. சாஃப்ட்வேர் வேலையை விட்டாள். ஏரிப் பக்கம் ராஜகோபால் அண்ணாவின் குடோனில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் தெர்மோகோல் ஒட்டி, ஏசி போட்டு, செயற்கை வெளிச்சத்தில் அடுக்கடுக்காகச் செடி நட்டாள்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். முதல் விளைச்சல் ஒழுங்காக விற்றால் தொடரலாம். இல்லையென்றால் பழைய மேனேஜர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார், பேசாமல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சரி என்றாள். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் அன்று கோபப்படாமல் சரி என்றதே எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் நிபந்தனையை நான் தளர்த்தவில்லை.

நவம்பரில் பழம் சிவந்தது. சிரித்த வாயை மூடிக்கொண்டேன். வெளியே மழையும் சேறும். கதவைத் திறந்தால் உள்ளே குளிரும் தித்திப்பான வாசனையும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கேக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை ஆபீசுக்குக் கிளம்பிய என்னை சுப்ரஜா ஃபோனில் அழைத்தாள்.

"ஹர்ஷா, கொஞ்சம் குடோனுக்கு வா. அவசரம்."

நடு அடுக்கில் ஒரே ஒரு பழம். பாதி சிவப்பு, மீதிப் பாதியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம். எலிக்குஞ்சின் முதுகு மாதிரி இருந்தது.

"ஒண்ணுதானே. பிச்சுப் போடு" என்று கையை நீட்டினேன்.

"தொடாதே."

அவள் சொல்லி முடிப்பதற்குள் என் விரல் காம்பில் பட்டுவிட்டது. பழத்திலிருந்து லேசாகப் புகை எழும்பியது. நிஜமாகவே புகை. ஃபேன் காற்றில் நெளிந்து, மேல் அடுக்குப் பக்கம் போய், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

"அவ்வளவும் விதை" என்றாள் சுப்ரஜா. "சாம்பல் பூஞ்சணம். நீ இப்ப தட்டினதுல ஆயிரக்கணக்குல போயிருக்கும்."

பழத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மெதுவாகக் கவிழ்த்து, காம்போடு வெட்டி எடுத்தாள். வெளியே வராந்தாவில் வைத்து, ஃபோனில் மாட்டுகிற சின்ன மைக்ராஸ்கோப் வழியாகப் பார்க்கச் சொன்னாள். வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தேன்.

அங்கே ஒரு தோப்பு இருந்தது. கண்ணாடிபோல் பளபளக்கும் மெல்லிய தண்டுகள், தண்டுகளில் கிளைகள், ஒவ்வொரு கிளை நுனியிலும் திராட்சைக் கொத்து. நான் விட்ட மூச்சு பட்டு அந்தத் தோப்பு ஒருமுறை அசைந்தது. பிறகு ஈரம் காயக் காய, தண்டுகள் தாமாகவே முறுக்கிக்கொண்டு திரும்பின. திரும்பிய வேகத்தில் கொத்துகளிலிருந்து மணிகள் தெறித்தன. கையும் இல்லை, காலும் இல்லை, மூளை என்று ஒன்று இருக்கவே வழியில்லை. இருந்தும் காற்று காய்ந்திருக்கிறது, இதுதான் கிளம்பும் நேரம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்தது. ஆபீஸ் நேரமெல்லாம் மறந்துபோயிற்று.

"எங்கேர்ந்து வந்துது?"

அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். பூ பழமாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அப்படியானால் இப்போது சிவந்திருக்கும் பழங்களெல்லாம் ஆயுத பூஜை சமயத்தில் பூவாக இருந்தவை.

அன்று ராஜகோபால் அண்ணா குடும்பத்தோடு வந்திருந்தார். குடோனில் எந்த மிஷினும் பூஜை இல்லாமல் இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. ஏசியை நிறுத்தினால் செடி செத்துவிடும் என்று சுப்ரஜா கெஞ்சியதால் அதை மட்டும் விட்டார். ஃபேன்களுக்கும் ஈரம் உறிஞ்சுகிற மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், ஓசூர் ரோஜா. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு ரோஜாவைச் செருகினார். பூஜை போட்ட மிஷினை மறுநாள் காலை வரை ஓட்டக்கூடாது. நாங்கள்தான் ஸ்விட்சை அணைத்தோம். அணைத்துவிட்டு, சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே அழகு பார்த்தோம். குளிர்ந்த, அசையாத காற்றில் இலையெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்திருந்ததை நான் படம்கூட எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

"ரோஜா இதழ்ல இது இருந்திருக்கும். ஈரமான பூதான் அதுக்கு வாசல். அன்னிக்கே உள்ளே போயிருக்கும்."

"போயிருந்தா அப்பவே அழுகியிருக்கணுமே?"

"அழுகாது. காய் பச்சையா, கெட்டியா இருக்கிற வரைக்கும் உள்ளேயே சும்மா கிடக்கும். பழுத்து இனிக்கும்போது எழுந்துக்கும். பக்கத்துல இருக்கிற செல்லைக் கொன்னுட்டுத்தான் சாப்பிடவே ஆரம்பிக்கும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மற்ற பழங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. இன்றைக்கே பறித்து அனுப்பிவிடலாம், கேக் கடைக்காரருக்கு என்ன தெரியப்போகிறது என்றேன்.

"நாளைக்கு அவர் கடையில முளைக்கும்" என்றாள்.

ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் மாசு மருவில்லாத பழங்களாகப் பார்த்துப் பறித்தாள். ஈர டிஷ்யூ விரித்த டிபன் டப்பாக்களில், ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி மூடி, வீட்டு ஷெல்ஃபில் வைத்தாள். உள்ளே இருந்தால் அந்த ஈரத்தில் எழுந்து வெளியே வரும், வெள்ளிக்கிழமை திறந்தால் தெரிந்துவிடும் என்றாள். அந்த மூன்று நாளும் நாங்கள் மழையைப் பற்றியும் சாம்பாரைப் பற்றியும்தான் பேசினோம்.

வெள்ளிக்கிழமை காலை டப்பாக்களைத் திறந்தாள். முதல் டப்பாவில் சிவப்பே தெரியவில்லை. இரண்டாவதிலும் அதே சாம்பல். கடைசி டப்பாவையும் திறந்தாள். அதிலும் ஒரு பழம் தப்பவில்லை. வெளியே ஒரு கீறல் இல்லாத பழங்கள். உள்ளே எல்லாவற்றிலும், ஒரு மாதமாக, அது படுத்துக் கிடந்திருக்கிறது.

"எவ்வளவு அழகா வந்திருக்கு, பாரு" என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் வழிந்தது. எனக்குப் பயமாக இருந்தது, கும்பிடவும் தோன்றியது.

கேக் கடைக்காரருக்கு அவளே ஃபோன் செய்து, பழம் இல்லை என்று சொன்னாள். குடோனுக்குப் போய் ஃபேன்களை நிறுத்தி, கத்தரிக்கோலை எடுத்தாள். பழம், காய், விரிந்த பூ எல்லாவற்றையும் மேல் அடுக்கிலிருந்து வெட்டிப் பையில் போட ஆரம்பித்தாள். ராஜகோபால் அண்ணா கேக் கடை வண்டியை வழியனுப்ப வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? நல்லா செவந்த பயத்தைப் போய் வெட்டிகினு கீறீங்க?"

சுப்ரஜா மறைக்கவில்லை. ரோஜாவில் ஆரம்பித்து டப்பா வரை சொன்னாள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நானா எடுத்தாந்து வுட்டேன்?"

"ஸ்விட்சை நாங்கதானே அணைச்சோம், அண்ணா. யாருக்கும் தெரியலை."

அவர் மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"இத்தினி நாளா காய்க்குள்ள குந்திகினு இருந்துச்சா? பயுக்கிற வரிக்கும்?"

"ஆமாண்ணா."

"நாங்க ஏர் ஓட்டுன குடும்பம்மா. நெல்லுல எத்தினியோ சீக்கு பாத்துகீறேன். இம்மாம் பொறுமையான சீக்க பாத்ததே இல்ல."

அவர் போன பிறகு சுப்ரஜா என்னைப் பார்க்காமலே சொன்னாள். "திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட பேசிடறேன். சொன்னா சொன்னதுதான்."

இதைத்தான் நான் ஒரு வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தபோது துளி சந்தோஷம் இல்லை. வெட்டிய செடிகளின் நடுவில், இலைக்கு அடியில், இன்னும் விரியாத மொட்டுகள் இருந்தன.

"இது பழுக்க எவ்வளவு நாளாகும்?"

"ஒரு மாசத்துக்கு மேல. ஃபேன் ஓடணும், ஈரம் கட்டக்கூடாது, உதிர்ந்த இலைகூட கிடக்கக்கூடாது. அப்பவும் நிச்சயமில்லை."

"மேனேஜர்கிட்ட பேச வேண்டாம்."

"திரும்பவும் அது வந்தா?"

"வந்தா அடுத்த பூ வர்ற வரைக்கும் பார்ப்போம்."

சொல்லிவிட்டு நானே திகைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, ஒரு பச்சைக் காய் இனிப்பதற்காக ஒரு மாதம் அசையாமல் காத்திருக்கிறது. நான் என் மனைவிக்கு ஒரே ஒரு விளைச்சல்தான் கொடுத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள்.

"கீழ் அடுக்கை நீ வெட்டு. குலுக்காம வெட்டு."