றீற்றா வெட்டிய பெட்டி

றீற்றா மரச்சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டாள். பக்கப் பலகையின் பல், அடிப்பலகையின் துளைக்குள் பாதிதான் இறங்கியது. இன்னொரு போடு. முழுதாக இறங்கி மட்டமாக நின்றது.

"ஆணி எங்கை?" என்றார் தயாநிதி. றீற்றாவின் புருசன் லூக்காஸின் தமையன், டாவோஸிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தார். தம்பி முந்தாநாள் செத்தது ஒரு துக்கம். தம்பியின் மனைவி சவப்பெட்டியைத் தன் கையால் செய்கிறாள் என்பது அவருக்கு அதற்கு மேல் ஒரு துக்கம்.

"ஆணி இல்லை, அத்தான்."

"பசை?"

"அதுவும் இல்லை. பல்லும் துளையும்தான். ஒண்டை ஒண்டு கடிச்சுக்கொண்டு நிக்கும்."

"கடிக்குமாம்! நடுவழியில கழண்டு என்ட தம்பி ரோட்டில விழுந்தா ஆர் பதில் சொல்லுறது? சனம் சிரிக்கும். ஆணி இல்லாத பெட்டியை என்ட தோளில வைக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

சுவிஸின் ஷாஃப்ஹவுசன் நகரத் தச்சுப் பட்டறைக்குத் தொண்ணூற்றைந்தில் ஒரு மெசின் வந்தது. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் தானே பலகை வெட்டும். அன்றிலிருந்து அதன் முன்னால் நிற்பவள் றீற்றா. வீட்டுக் கதிரை, மேசை, சப்பாத்துத் தட்டு எல்லாம் அவள் வெட்டியவை. விருந்தாளி வந்தால் லூக்காஸ் ஒரு கதிரையைக் கழற்றிப் பூட்டிக் காட்டாமல் தேத்தண்ணி குடிக்க விடமாட்டான். அவள் வேலையில் அப்படியொரு பெருமை, புளுகம் அவனுக்கு. கஞ்சியும் இறங்காத கடைசி நாளில்கூட, "என்ட பெட்டியையும் நீயே வெட்டு. தோளில தூக்கிக்கொண்டு போகச் சொல்லு" என்றான்.

நேற்று அவசரத்தில் பழைய அலுமாரிக்கு வெட்டிய பலகையின் தடிப்பை நம்பி முதல் பலகையை வெட்டிவிட்டாள். புதிதாக வந்த பிளைவூட் ஒரு மயிரிழை மெலிவு. பல் துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. உட்கார்ந்து அழுதாள். பிறகு எழும்பித் தடிப்பை அளந்து, படத்தில் துளைகளைச் சுருக்கி, எல்லாவற்றையும் புதிதாக வெட்டினாள். பட்டறைக்காரி எலேனா வீணான பலகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கோப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

கடைசி மூலையும் இறங்கியது. தயாநிதியோடு வந்த மூன்று பேரும் சுவரோரம் நின்று நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை.

றீற்றாவுக்குப் பொல்லாத கோபம் வந்தது. சப்பாத்தைக் கழற்றினாள். பெட்டிக்குள் கால் வைத்து இறங்கி, நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாள்.

"என்ட யேசுவே! உயிரோட இருக்கிற பொம்பிளை சவப்பெட்டிக்குள்ளயோ? உனக்கென்ன விசரோ? எழும்பு!" என்று கத்தினார் தயாநிதி.

"ஓம், விசர்தான். தூக்குங்கோ."

"றீற்றா!"

"தூக்காட்டி எழும்பமாட்டன். கடைசியில அவர் என்னைவிடப் பாரம் குறைவு, அத்தான். என்னைத் தாங்கினா அவரைத் தாங்கும்."

தயாநிதி கிட்ட வந்தார். முகத்தை ஒரு தரம் துடைத்தார். குனிந்து தலைமாட்டைப் பிடித்தார். "வாங்கோடா," என்றார் மற்றவர்களிடம்.

பெட்டி இடுப்பளவு எழும்பியது. பிறகு தோளுக்கு. றீற்றா மூச்சை அடக்கிக் காது கொடுத்தாள். ஒரு கிறீச் சத்தம் இல்லை. கூரை விளக்கு கிட்ட வந்தது. புதுப் பலகை மணத்தது. அவன் போனபின் அடைத்துக் கிடந்த துக்கம் உடைந்து வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

"குலுக்குங்கோ," என்றாள்.

தயாநிதி ஒரு குலுக்குக் குலுக்கினார். போதாமல் இன்னொன்று.

"எட, அசையேல்லையடா! கல்லு மாதிரி நிக்குது!"

எலேனா கைதட்டிவிட்டாள். சாவீட்டு வேலையில் கைதட்டலாமோ என்று பயந்து உடனே நிறுத்தினாள்.

"தட்டு, எலேனா, தட்டு!" என்று பெட்டிக்குள்ளிருந்து ஜெர்மனில் கத்தினாள் றீற்றா.

மறுநாள் தேவாலயப் பூசை முடிந்து பெட்டி கல்லறைகள் கிடக்கும் சேமக்காலைக்கு வந்தது. வாசலில் நகரசபை ஆள் தள்ளுவண்டியோடு நின்றார். இந்த ஊரில் பெட்டியை அதில் வைத்துத்தான் குழிவரை கொண்டுபோவார்கள். தோளில் பெட்டியோடு வந்த தயாநிதி, "நையின், நையின்," என்று ஜெர்மனில் மறுத்து அவரைத் தாண்டி நடந்தார். பாதி வழியில் தோள் மாற்ற ஆட்கள் முண்டியடித்தார்கள். "ஒரு ஆணி இல்லை, தெரியுமோ? என்ட மச்சாள் செய்தது" என்று ஒவ்வொருவனுக்கும் சொல்லிவிட்டுத்தான் அவர் இடம் கொடுத்தார். தன் இடத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை.

றீற்றா தலை நிமிர்ந்து பின்னால் நடந்தாள். அவளுக்கும் பின்னால், ஈரச் சரளைக் கல்லில் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகரசபை ஆள் வந்துகொண்டிருந்தார்.