குத்தவைக்கும் வண்டி

என் வண்டிக்கு இரண்டு பெயர். முன்கண்ணாடியில் எழுதியிருப்பது ‘ஆர்யா’, என் மகளின் பெயர். பனச்சமூட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது. குத்தவைக்கும் வண்டி என்று கேட்டுப் பாருங்கள், என் வீட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவான். அவ்வளவு நல்ல மனசு எங்கள் ஊர்க்காரனுக்கு.

இருபத்தாறு சீட் வேன். பின்சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டைக்குப் பதிலாக இரண்டு ரப்பர் பலூன்கள் உண்டு. கம்பிரசர் காற்றை ஊதி அவற்றை நிமிர்த்தி வைக்கும். பள்ளம் மேடு தெரியாது, கையிலிருக்கும் சாயா தளும்பாது என்று பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை நான்தான் பெருமை அடித்துத் திரிந்தேன். போன மாதம் ஒரு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனபோது, காரக்கோணத்தில் சாயாவுக்காக இன்ஜினை நிறுத்தினேன். ஐந்து நிமிடத்தில் வலது பின்பக்கம் மெல்லத் தாழ்ந்து வண்டி குத்தவைத்து உட்கார்ந்தது. மாப்பிள்ளை அப்போது ஜன்னலோரம் சாயா குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை. மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம்.

அதன்பிறகு இன்னும் இரண்டு ஓட்டத்தில் இதே கூத்து. ஆளை இறக்கி இன்ஜினை ஓட்டினால் ஒன்றும் அறியாத பிள்ளை போல எழுந்து நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாள் போட்டாலும் ஒரு விரல்கூடத் தாழாது. மெக்கானிக் ராஜதாஸ் காற்றுக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தான். ஒரு குமிழி வரவில்லை. பலூன்களை மாற்றினான், வால்வை மாற்றினான். நான் கம்பெனிக்காரனைத் திட்டினேன், ரோடு போட்டவனைத் திட்டினேன். என் மனைவி விலாசினி கண்ணேறு என்று சொல்லி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். அந்தப் புகையில் எனக்கு இருமல் வந்ததுதான் மிச்சம், அவளையும் திட்டினேன்.

இந்த நிலையில்தான் நமச்சிவாயம் அண்ணனின் மகள் ஆனந்தலட்சுமிக்குக் கல்யாணம் வந்தது. பெண் வீட்டாரை நாகர்கோவில் மண்டபத்துக்குக் கொண்டுபோக எப்போதோ எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முந்தின நாள் காலையில் ஒர்க்‌ஷாப்புக்கே வந்து நின்றார்.

“ஜெயா, நாளைக்கு ஏழு மணிக்கு ஆளு கேறின பெறகு வண்டி தாந்துதுன்னா, நான் வேற வண்டிய விளிப்பேன். எனக்க மகளுக்கக் கல்யாணமாக்கும்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. கல்யாண வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பி அனுப்பினால், அதற்கப்புறம் கேரள எல்லைக்கு இந்தப்பக்கமோ அந்தப்பக்கமோ ஒருவன் என்னைக் கூப்பிட மாட்டான். வண்டியை விற்றுவிட்டு வீட்டில் குத்தவைக்க வேண்டியதுதான்.

ராஜதாஸ் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆள் ஏறினால்தானே தாழ்கிறது, அப்படியென்றால் ஆளை ஏற்று, நான் அடியில் படுத்துக் கேட்கிறேன், மேலே மூச்சுச் சத்தம் வரக்கூடாது என்றான்.

பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் போய்க் கெஞ்சினேன். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் சாயாவும் பழம்பொரியும் என்றேன். ஆட்கள் ஏறினார்கள். பாதிப்பேர் வண்டி நெய்யாற்றின்கரை போகிறது என்று நினைத்து ஏறியவர்கள். கடைசியாக, இருபத்தேழாவது ஆளாக வந்தவர் வாசகசாலை செயலாளர் பொன்னையன் சார். பின்கதவோரம் நானே பொருத்திய கூடுதல் சீட்டில் அவரை உட்கார வைத்தேன். வண்டி நிறைந்தால் மட்டும் விரிக்கிற மடக்கு சீட் அது. கணக்கில் இல்லாதது, நான்கு பேர் அறியச் சொல்லக்கூடாது.

இன்ஜினை நிறுத்தினேன். ராஜதாஸ் அடியில் புகுந்தான். மேலே சந்தை. ஒற்றசேகரமங்கலத்துப் பெண்கள் இருவர் யாரோ ஒருத்தியின் மருமகளை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஸ்பீக்கரில் துபாய்க்குப் பேசினான். வண்டி எப்போது எடுப்பீர்கள் என்று நால்வர் கேட்டார்கள். பழம்பொரி எங்கே என்று பத்துப்பேர் கேட்டார்கள். கும்பிட்டேன், கத்தினேன். என்னைவிட உரக்கக் கத்தினார்கள். வண்டி தாழத் தொடங்கியது, சத்தத்தை நிறுத்தச் சொல்லி ராஜதாஸ் கீழிருந்து தகரத்தைத் தட்டினான். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது:

“நம்மள விட்டுப் பிரிஞ்சவருக்கு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி.”

எங்கள் பக்கத்தில் வாசகசாலையோ, கிளப்போ, கட்சியோ, எந்தக் கூட்டமும் மௌன அஞ்சலி இல்லாமல் தொடங்காது. யாருக்கு என்று கேட்பது மரியாதையும் இல்லை. முதலில் பொன்னையன் சார் எழுந்தார், நாற்பது வருஷப் பழக்கம். பின்னாலேயே மொத்த வண்டியும் எழுந்து தலை குனிந்தது. துபாய்க்காரன் போனை அணைத்தான்.

அப்படியொரு அமைதியைப் பனச்சமூடு கண்டதில்லை. ஆனால் கீழேயிருந்தும் ஒரு சத்தமில்லை. ராஜதாஸ் தலையை நீட்டி, கையை விரித்துக் காட்டினான். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

நிமிடம் முடிந்ததும் பொன்னையன் சாரே தொண்டையைச் செருமி, எல்லாரும் இருக்கலாம் என்றார். துக்கம் தீராத முகத்தோடு பேசாமல் உட்கார்ந்தார்கள். முறைப்படி அவர் கடைசியாக உட்கார்ந்தார்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

“கடைசீல இருந்தது ஆராக்கும்? எழும்பும்,” என்றது கீழேயிருந்து ராஜதாஸின் குரல்.

எழுந்தார். சத்தம் நின்றது. உட்காரச் சொன்னான். ஸ்ஸ்ஸ். இப்படி ஏழுமுறை எழுந்து எழுந்து உட்கார்ந்தார், ஒருமுறைகூட முகம் சுளிக்காமல்.

ராஜதாஸ் என்னை அடியில் கூப்பிட்டுக் காட்டினான். மடக்கு சீட்டுக்கு நான் முறுக்கிய போல்ட் நீளம் அதிகம். தரையைத் துளைத்து இறங்கி, அதன் நுனி காற்றுக் குழாயின் மேல் உட்கார்ந்திருந்தது. சீட்டில் ஆள் இருந்தால் குழாயிலிருக்கும் கீறல் வாய் திறக்கும், எழுந்தால் மூடிக்கொள்ளும். அவன் வெட்டுக்கத்தியைத் தேடப் போனான். திட்டியிருக்கலாம். ஊர் உலகத்தையெல்லாம் திட்டிய எனக்கு அன்றைக்கு என்னைத் திட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது.

குழாயை வெட்டிப் புதுத் துண்டு வைத்தான். சீட்டைக் கழற்றி நானே வெளியே எறிந்தேன். பொன்னையன் சார் பழம்பொரியோடு வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

“மரிச்சது ஆராக்கும்? வாசகசாலை புக்குல எழுதணுமில்லா.”

“நீங்க இருந்த சீட்டாக்கும் சாரே.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஏழு மணிக்கு நமச்சிவாயம் அண்ணன் வீட்டு வாசலில் ஆட்கள் ஏறினார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பின்சக்கரத்தருகே சாமி கும்பிட்டு நின்றேன். அழைப்பு இருந்ததால் பொன்னையன் சாரும் வந்து ஏறினார். முன்னால் காலியாக இருந்த இடத்துக்குப் போகாமல், நேரே பின்கதவோரம் போனார். சீட் இருந்த இடத்தைப் பார்த்துத் தலை குனிந்து நின்றார். அவர் நின்றால் ஊர் உட்காராது. ஒவ்வொருவராக வண்டி முழுக்க எழுந்து தலை குனிந்தது. கல்யாணத்துக்குப் புறப்படும் நேரத்தில் துக்கம்!

அந்த நேரம் பார்த்து வெற்றிலைத் தட்டோடு நமச்சிவாயம் அண்ணன் படியில் கால் வைத்தார். மொத்த வண்டியும் எழுந்து நிற்பதைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

“எனக்காகவா எழும்பினிய? இரிங்க, எல்லாரும் இரிங்க,” என்றார்.

சீட் உள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்கள். நான் பின்சக்கரத்தைப் பார்த்தேன். வண்டி ஒரு விரல்கூடத் தாழவில்லை.